மூன்று தலைகளும் ஒரு கிண்ணச் சர்க்கரையும்

எங்கள் சோங்ஜார் கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் அரசாங்க ஜீப் ஒருமுறை வந்து நின்றால், அங்கே யாருக்கோ வேலை கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் முறை வந்தால் அந்த வேலை போயிருக்கிறது. ஜூராகான் வீட்டுக்கு மூன்றாம் முறையும் வந்தபோது என்ன அர்த்தம் என்று புரியாமல் தெருவே வேலியோரம் வந்து துணி உலர்த்தியது. பாதிப் பேர் கையில் இருந்தது துவைக்காத துணி.

ஜூராகான் இருபது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். யாருக்கு யார் மேல் ஆசை, எந்த வீட்டு மாப்பிள்ளைக்கு எத்தனை மாட்டு விலைக்குக் கடன் என்று எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. அதனால் எங்களுக்கு அவள்மேல் எப்போதுமே கொஞ்சம் வருத்தம். நிலையத்தை மூடியபின் தேனீ வளர்க்க ஆரம்பித்தாள். இருபத்திரண்டு பெட்டிகள். ஜூன் கடைசியில் தீவன நிலமெல்லாம் எஸ்பார்செட் செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். அந்தப் பூவிலிருந்து வரும் வெள்ளைத் தேன்தான் அவளுக்கு வருஷம் முழுதும் சோறு, நிலக்கரி, செருப்பு எல்லாம்.

மே மாதத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்தவள் மூக்கைச் சுளித்தாள். புளித்துக் கெட்ட மாவு வாடை. பால்வெள்ளையாகச் சுருண்டு கிடக்க வேண்டிய புழுக்கள் மஞ்சளாக, முறுக்கிக்கொண்டு, தேனடையின் அறைகளுக்குள் குழைந்து கிடந்தன. ஒரு தீக்குச்சியைப் புழுவுக்குள் விட்டு மெல்ல இழுத்துப் பார்த்தாள். நூல் மாதிரி நீளவில்லை. நீண்டால் பெட்டியோடு எரிக்கவேண்டிய நோய். நீளாவிட்டால் மருந்துக்கு அடங்குகிற நோய். அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள். ஆறு பெட்டிகளில் இருந்தது. மருந்து கிடைத்தால் பூப்பதற்குள் சரியாகிவிடும்.

அந்த மருந்தை முன்பு சந்தையில் பல்பொடி மாதிரி விற்றார்கள். நோய் இருக்கிற பெட்டிக்கும் போட்டார்கள், இல்லாத பெட்டிக்கும் போட்டார்கள். தேனில் மருந்து இருக்கிறது என்று லாரி லாரியாகத் தேன் திரும்பி வந்தது. அதனால் புதுச் சட்டம் வந்தது: இனி மருந்து மாவட்டத் தேனீ நல வாரியத்திடம் மட்டும்தான். நல்ல சட்டம்தான். ஆனால் வாரியம் என்று ஒன்று இருக்கிறதே!

வாரியத்தில் ஒரு குளிர்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவிக்கு டாக்டர் ஒமுர்சாக். இடுப்பு பெல்ட்டில் சாவி தொங்கும். இடது கன்னம் எப்போதும் வீங்கியிருக்கும். ஈறில் சீழ். பேசும்போது கன்னத்தைக் கையால் தாங்கிக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு ஆழ்ந்து சிந்திக்கிறார் என்று தோன்றும்.

"டாக்டர், ஆறு பெட்டியில புழு அழுகுது. தீக்குச்சி வெச்சுப் பாத்தேன், நூல் வரல. எஸ்பார்செட் பூக்கறதுக்குள்ள மருந்து—"

"உங்கள யாராவது கேட்டாங்களா?"

"கேக்கலதான். நானே சொல்றேன்."

"அதாம்மா தப்பு. நோய் உங்களுதா இருக்கலாம். அதுக்குப் பேர் வெக்கறது வாரியம். இனிமே கேட்டா மட்டும் பேசுங்க."

ஜூராகான் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பழகிய வேலை.

"இது ஆன்டிபயாட்டிக். சும்மா இல்ல," என்று டாக்டர் குளிர்பெட்டியைத் தட்டிக் காட்டினார். "கண்டபடி குடுத்தா கிருமி மருந்தைக் கத்துக்கும். அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. இந்த வாரியம் தொடங்கி மூணு வருஷம் ஆச்சு. ஒரு பொட்டலம் வெளிய போகல. இந்த மாவட்டத்துக் கிருமிக்கு நம்ம மருந்து எப்படி இருக்கும்னே தெரியாது! நாட்டுலயே வேற எவனாவது இப்படிச் சொல்ல முடியுமா?"

அவர் கேட்கவே கேட்டுவிட்டார் என்று நினைத்து ஜூராகான் வாயைத் திறந்தாள். டாக்டர் கையை உயர்த்தினார். அது பதில் வேண்டாத கேள்வியாம்.

விதியைப் படித்துக் காட்டினார். மூன்று பேர் கொண்ட குழு நேரில் வந்து பார்க்கும். அறிக்கை எழுதும். அறிக்கையில் மூத்த உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவார். பிறகு மருந்து. ஜூலை பத்தாம் தேதிக்குள் மருந்து கொடுக்கத் தவறுபவரின் பெட்டிகள் அத்தனையும் எரிக்கப்படும்.

"நான் குடுக்கத் தவறுறதா? மருந்து உங்ககிட்டதானே—"

"கேட்டேனா?"

*

குழு வந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஆடு அறுக்காமல் அனுப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எரிக்க வந்தவனாக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் எரிக்கவேண்டும். ஜூராகானிடம் ஐந்து ஆடுகள் இருந்தன. ஒன்று அன்று காலை குறைந்தது.

டாக்டர் ஒமுர்சாக்கோடு வந்தவர்கள் இருவர். சுகாதார அதிகாரி காலிய்சா மேடம். எதைத் தொட்டாலும் கைக்குட்டையால் தொடுவார், சாப்பாட்டைத் தவிர. இன்னொருவர் தாவரத் துறை போருபாய். பூ இல்லாமல் தேனீ இல்லை, ஆகவே தேனீயே தன் துறைக்குக் கீழ்தான் வருகிறது என்பது அவர் கட்சி. வாசலுக்கு நேரெதிரே இருக்கும் மரியாதை மெத்தையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மெத்தை ஒருவருக்கானது. மூவரின் முழங்கால்களும் ஆறு திசையில் நீட்டிக்கொண்டிருந்தன.

பெட்டிகளை ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். "தேனீதான்," என்று போருபாய் உறுதி செய்தார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெந்த ஆட்டுத்தலை தட்டில் வந்தது. சிக்கல் அதோடு தொடங்கியது. தலை யாருக்குப் போகிறதோ அவர்தான் அந்த விருந்தில் மூத்தவர். இதற்கு எங்கள் ஊரில் மேல்முறையீடு கிடையாது. ஜூராகான் வயதைப் பார்த்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

"ஓ, வயசுக்குத்தான் தலையா?" என்றார் காலிய்சா. "அப்ப எதிர்ல இருக்கற மலைக்குக் குடுங்க. பதவியில இங்க யாரு பெரிசு?"

"மேடத்துக்கு வாலும் இடுப்பும் வெச்சிருக்கேன். பெண்களுக்கு அதுதான் மரியாதை," என்றாள் ஜூராகான்.

"பொம்பளைன்னா வாலா? நான் கையெழுத்துப் போட்டா இந்த மாவட்டத்துல எட்டு பேக்கரிய மூடலாம், தெரியுமா?"

"இங்க கவனிங்க," என்று போருபாய் இடையில் புகுந்தார். "நான் தலைமையகத்துலேர்ந்து வந்தவன். தூரத்துலேர்ந்து வந்தவனுக்குத்தான் தலை."

"தூரம்தான் கணக்குன்னா அந்த ஜீப் டிரைவருக்குக் குடுங்க. அவரு உங்களுக்கும் முன்னாடி சீட்டுல வந்தாரு!" என்றார் டாக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

தலை மூன்று சுற்றுப் போய் வந்தது. யாரும் தொடவில்லை, தொடவும் விடவில்லை. அறிக்கையில் முதல் வரி காலியாகவே இருக்க, ஜீப் போய்விட்டது. ஜன்னல் திண்டில் கிடந்த தலையைப் பக்கத்து வீட்டு ஜெக்ஷெனின் நாய் எடுத்துக்கொண்டது. முறைப்படி பார்த்தால் குழுவின் மூத்த உறுப்பினர் அதுதான். அதற்குக் கையெழுத்துப் போடத் தெரியாதது ஜூராகானின் போதாத காலம்.

ஜெக்ஷெனுக்கு இதெல்லாம் திருவிழா. வேலிமேல் கையை வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.

"அக்கா, புழு சாகறதவிட உன் ஆடு வேகமா சாகுதே! ஆட்டுக்கும் ஏதாவது மருந்து வாரியத்துல கேட்டுப் பாரேன்."

"போடா. உன் நாய்க்கு விருந்து நடத்தினேன்ல, நன்றி சொல்லு."

"அது இப்பல்லாம் என்கூடப் பேசறதே இல்ல. பெரிய அதிகாரி ஆயிடுச்சு."

அந்த வாரம் அவள் வாரியத்தை நம்பிச் சும்மா இருக்கவில்லை. நோய் கண்ட பெட்டிகளில் இருந்த தேனீக்களைப் புது மரச்சட்டங்கள் மாட்டிய சுத்தமான பெட்டிகளுக்குள் உதறிவிட்டாள். பழைய தேனடைகளை அடுப்பில் போட்டு எரித்தாள். ராணிகளைச் சிறு கூண்டுகளில் அடைத்துச் சில நாள் முட்டையிட விடாமல் வைத்தாள். முதுகு ஒடிந்தது. ஜெக்ஷென் வந்து பெட்டி தூக்கினான், ஐந்து இடத்தில் கொட்டு வாங்கினான், ஆறாவதைப் பற்றி இன்றுவரை பேச மறுக்கிறான்.

ஆனால் காகிதம் காகிதம்தானே. ஜூலை பத்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் முறை குழு வருவதாகத் தகவல் வந்தது. ஜூராகான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தாள். காலையில் மூன்று ஆடுகளை அறுத்தாள்.

மூன்று தலைகள். மூன்று தட்டுகள். ஒன்றை அவள் எடுத்தாள், ஒன்றை ஜெக்ஷென், ஒன்றை அவன் மனைவி. வாசற்படியில் வரிசையாக நின்று, ஜெக்ஷென் "ம்" என்றதும் மூவரும் ஒரே நொடியில் மூன்று பேர் முன்னால் வைத்தார்கள். பட்டாளத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்காது.

குழு அசந்துபோனது. கண், நாக்கு, காது என்று மூவரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். டாக்டர் மட்டும் வலது பக்கமாகவே மென்றார். சாப்பிட்டு முடித்து அறிக்கையை எடுத்தபோது மூன்று பேனாக்களும் முதல் வரிக்கு ஒன்றாகப் போயின. எல்லாருக்கும்தான் தலை கிடைத்துவிட்டதே! எல்லாருமே மூத்தவர்கள். ஒரே வரியில், ஒன்றன்மேல் ஒன்றாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

பத்து நாளில் தலைமையகத்திலிருந்து அறிக்கை திரும்பி வந்தது. "முதல் கையெழுத்து யாருடையது எனத் தெரியவில்லை. மேலும் அந்த வரியில் ஆட்டுக்கொழுப்பு படிந்துள்ளது. காலக்கெடு நெருங்குவதால் குழு மருந்தையும் மண்ணெண்ணெயையும் சேர்த்தே எடுத்துச் செல்லவும். முதலாவது இயலாவிட்டால் இரண்டாவதைச் செய்யவும்."

*

இதற்கிடையில் எஸ்பார்செட் பூத்தது. மலையடிவாரம் முழுக்க இளஞ்சிவப்பு. தேனீக்கள் விடிந்ததும் போய், இருட்டும்வரை சுமந்து வந்தன. ஜூராகான் நோய் கண்ட பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். புழுக்கள் முத்து முத்தாகச் சுருண்டு, பளபளவென்று கிடந்தன. வாடை இல்லை. மேல் தட்டுகளில் வெள்ளைத் தேன் நிரம்பி நின்றது. பெட்டிமேல் தலையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே இருந்தாள். அழுதாளா என்று ஜெக்ஷெனிடம் கேட்டோம். தலையில் மாட்டிய தேனீ வலைக்குள் முகம் சரியாகத் தெரியவில்லையாம்.

ஜூலை பத்தாம் தேதி, ஜீப் மூன்றாம் முறை வந்தது. முன் சீட்டில் டாக்டரின் மடியில் மருந்துப் பொட்டலம். பின்னால் போருபாயின் காலுக்கிடையே மண்ணெண்ணெய் டின்.

"டாக்டர், நோய் போயிடுச்சு. வந்து பாருங்க. ஒரு புழுகூட—"

"படிவத்துல 'நோய் போயிடுச்சு'ன்னு கட்டம் இல்ல. 'மருந்து கொடுத்தாச்சு', 'எரிச்சாச்சு' ரெண்டு கட்டம்தான். எதுல குறி போடட்டும்?"

"மருந்து குடுத்தா தேன்ல மருந்து இறங்கிடுமே? பெட்டி நிறையத் தேன் நிக்குது."

"இறங்கும். அந்தத் தேனை விக்கக்கூடாது. அதுக்குத் தனி விதி இருக்கு, கொண்டு வந்திருக்கேன்."

"அப்ப மருந்து குடுத்தா தேன் போச்சு, குடுக்காட்டி பெட்டியே போச்சு."

"பாத்தீங்களா மேடம்?" என்று டாக்டர் காலிய்சாவிடம் பெருமையாகத் திரும்பினார். "விதிய நல்லாப் புரிஞ்சுக்கிட்டாங்க. ஜனங்களுக்குப் பொறுமையா எடுத்துச் சொன்னா புரியுது." பிறகு ஜூராகானிடம்: "ஆனா கேட்டா மட்டும் பேசணும்."

அவள் விருந்தாளிகளை உட்காரச் சொன்னாள். மிச்சமிருந்த ஒரே கிழட்டுப் பெண்ணாடு ஜீப் சத்தம் கேட்டதுமே மலைப்பக்கம் போய்விட்டிருந்தது. அதற்கும் அனுபவம் உண்டே. ஆகவே மேசையில் பால் தேநீர், பாலேடு, ஒரு குவியல் பூர்சோக். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு. எங்கள் வீடுகளில் அதை எதிலாவது தொட்டுத் தின்போம்.

மூவரும் மேசையைப் பார்த்தார்கள். தலை இல்லை. முகம் சுண்டியது.

டாக்டர் விதிப்புத்தகத்தை விரித்துவைத்துக் கட்டளையிட்டார். மருந்தைப் பொடித்த சர்க்கரையோடு கலக்கவேண்டும். கலந்ததைக் குழுவின் முன் வைக்கவேண்டும். பிறகு மூத்த உறுப்பினர் முதலில் பெட்டிகளிடம் செல்ல, மற்றவர்கள் பின்தொடர, பெட்டிகளில் தூவவேண்டும்.

ஜூராகான் முற்றத்து அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரையைப் பொடித்து, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, விரலால் கட்டி உடைத்துக் கலந்தாள். தன் கையாலேயே தன் வருஷத்தைக் கலக்குகிற மாதிரி இருந்தது அவளுக்கு. வீட்டிலேயே நல்ல கிண்ணம் பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணம்தான். அதில் போட்டு உள்ளே எடுத்துப் போனாள்.

உள்ளே அவர்களுக்குள் சண்டை மூண்டிருந்தது. ஆனால் இந்த முறை தலைகீழ்.

"பதவின்னு பாத்தா நீங்கதான் மேடம் மூத்தவங்க. முதல்ல நீங்க போங்க," என்றார் டாக்டர்.

"ஐயோ, வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா டாக்டர்? நான் உங்க பொண்ணு மாதிரி."

"தூரத்துலேர்ந்து வந்தவரு போருபாய் இருக்காரே!"

"நானா? நான் வெறும் பூவுக்குத்தான். தேனீ உங்க துறை. முதல் நாள்லேர்ந்து அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே இருபத்திரண்டு பெட்டிகள் இரைந்துகொண்டிருந்தன.

"டாக்டர், இது—" என்று ஜூராகான் கிண்ணத்தை நீட்டினாள்.

டாக்டர் திரும்பியே பார்க்கவில்லை. "மேசைமேல வெச்சுட்டுப் போய்ப் புகை போடுங்கம்மா. நிறையப் போடுங்க."

அவள் வைத்துவிட்டுப் போனாள். காய்ந்த சாணத்தைப் புகைமூட்டியில் பற்றவைத்து, பெட்டிகளுக்குப் புகை காட்டிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றாள். நின்றபடியே நின்றுவிட்டாள்.

வாக்குவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரின் பெருமையைச் சொல்லிச் சொல்லிக் கை நீட்டினார்கள். ஒவ்வொரு முறை கை திரும்பும்போதும் ஒரு பூர்சோக்கை எடுத்து, பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் நன்றாகப் புரட்டி, வாயில் போட்டுக்கொண்டார்கள்.

"சர்க்கரை லேசாக் கசக்குதில்ல?" என்றார் போருபாய்.

"மலைத் தண்ணி அப்படி," என்றார் டாக்டர், இன்னொன்றைப் புரட்டியபடி. "ஆடு இல்லைன்னாலும் பூர்சோக் பிரமாதம்."

"ஐயா," என்றாள் ஜூராகான். "அந்தக் கிண்ணம்—"

காலிய்சா மேடம் கைக்குட்டையை உயர்த்தினார். "கேட்டா மட்டும் பேசுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

ஜூராகான் மூன்று பேரையும் பார்த்தாள். ஜன்னல் வழியே பெட்டிகளைப் பார்த்தாள். இருபது வருஷம் காதில் ஒட்டிக் கிடந்த கருவியை மறுபடி மாட்டிக்கொண்டவள் போல நிமிர்ந்து நின்று, வாயை மூடிக்கொண்டாள். பிறகு, விருந்தோம்பலில் குறை இருக்கக்கூடாது என்பதால், எல்லாருக்கும் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள். பாலேட்டைப் பக்கத்தில் நகர்த்தினாள். பால் பட்டால் அந்த மருந்துக்கு வேகம் குறையும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கெட்டவள் இல்லை.

கிண்ணத்தின் அடியில் இருந்த கடைசிப் பொடியை டாக்டர் விரலால் வழித்து நக்கினார். நக்கிவிட்டு, அப்போதுதான் நினைவு வந்தவராகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடடா, மருந்து! கலந்தாச்சில்ல? புகையும் போட்டாச்சு. மேசைமேல எதுவும் மிச்சம் இல்ல. அப்ப தூவிட்டு வந்துட்டாங்க."

"நாம போய்ப் பாக்கவேணாமா?" என்றார் போருபாய், மிக மெதுவாக.

"புகையப் பாத்தோமே. போதும்."

மூவருக்கும் உயிர் வந்தது. பெட்டிகளிடம் போகவேண்டிய வேலை முடிந்துவிட்டதால் மூத்தவராவதில் இனி ஆபத்தில்லை. டாக்டர் முந்திக்கொண்டு முதல் வரியில் கையெழுத்தைப் போட்டார். அறிக்கையை உரக்கப் படித்தார்: "மருந்து குழுவின் முன்னிலையில் முழுவதும் உட்கொள்ளப்பட்டது. மிச்சம் எதுவும் இல்லை. உட்கொண்டவை சாதுவாக இருந்தன."

மண்ணெண்ணெய் டின் ஜீப்பிலேயே திரும்பிப் போனது. வேலியோரம் நின்றிருந்த நாங்கள் துணிகளை எடுத்துக்கொண்டோம்.

*

ஆகஸ்டில் மாவட்டத் தேன் சந்தை. ஜூராகானின் தேன் பரிசோதனைக்குப் போய் வந்திருந்தது: மருந்தின் சுவடே இல்லை. டாக்டர் ஒமுர்சாக் மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். அன்று கன்னத்தைப் பிடிக்கவில்லை.

"வாரியத்தின் வரலாற்றில் முதல் சிகிச்சை! நோய் முழுக்க நீங்கியது. தேனில் மருந்து ஒரு துளியும் இல்லை. உலகத்தில் எங்கும் நடக்காத ஒன்றை நாம் சாதித்திருக்கிறோம். எப்படி? மருந்தைச் சரியான வாய்க்குச் சரியான அளவில் சேர்த்தோம். வேறு ரகசியம் இல்லை!"

கூட்டம் கைதட்டியது. ஜெக்ஷென் மட்டும் சட்டைக் கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் உணர்ச்சிவசப்பட்டதாக நினைத்துத் தட்டிக்கொடுத்தார்கள்.

பேச்சு முடிந்து டாக்டர் நேராக ஜூராகானின் கடைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

ஜூராகான் நிமிர்ந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"எனக்கு ஈறுல ரெண்டு வருஷமா சீழ். பல் ஆஸ்பத்திரியில மருந்து கேட்டா, குழு வந்து பாக்கணும்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு உங்க வீட்டுல சாப்பிட்டேன் பாருங்க, மூணே நாள்ல வீக்கம் வத்திடுச்சு. போருபாய்க்கு முதுகுக் கட்டி அமுங்கிடுச்சாம். உண்மையச் சொல்லுங்க, அந்த பூர்சோக்ல என்ன போட்டீங்க?"

"பூர்சோக்ல ஒண்ணும் போடல, டாக்டர்," என்றாள் ஜூராகான். "சர்க்கரையிலதான். நீங்க மடியில வெச்சுக் கொண்டு வந்தது."

டாக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணம் அவர் கண்முன் வந்து போவது எதிரில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. வலது கை தானாகவே இடது கன்னத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது. கன்னம் வழவழவென்று இருந்தது. பிறகு ஜூராகான் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"அக்கா... கீழ்த் தாடையில வலது பக்கமும் லேசா வலி இருக்கு. அந்தச் சர்க்கரை இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

"எப்படி டாக்டர் இருக்கும்?" என்றாள் ஜூராகான், தேன் ஜாடியைத் துடைத்தபடி. "முழுவதும் உட்கொள்ளப்பட்டது, மிச்சம் எதுவும் இல்லைன்னு நீங்கதானே முதல் கையெழுத்துப் போட்டீங்க?"